டர்பைனை நிறுத்தியது யார்

குமாரபாளையம்
6 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பாப்பாவும் நலம். போனில் பேசினால் சண்டைதான் வருகிறது. பக்கத்து அறையில் அம்மா கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நம் பேச்சைக் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் விசைத்தறிச் சத்தத்தில்தான் பாப்பா தூங்குகிறாள். கரண்ட் போய்த் தறி நின்றால் உடனே விழித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள்.

நேற்று ஆபீஸ் குரூப்பில் வந்த போட்டோவைப் பார்த்தேன். என் நாற்காலியில் அந்தப் புதுப் பெண் தீபிகா. திரையில் என் டர்பைன். அதன் பக்கத்தில் கையை நீட்டி விளக்கிக்கொண்டு நீங்கள். பிரசவத்துக்கு வந்தவளின் வேலையை யாராவது பார்க்கத்தான் வேண்டும். அது நீங்கள்தான் என்று ஏன் சொல்லவில்லை?

அம்மாவுக்கு என் வேலையை விளக்கினேன். விமான என்ஜினில் முன்னால் விசிறி, பின்னால் டர்பைன், இரண்டையும் சேர்ப்பது ஷாஃப்ட் என்ற ஒரு நீண்ட தண்டு. அது உடைந்தால் டர்பைனுக்குச் சுமை இல்லை. சூடான காற்று தள்ளத் தள்ள, கண் இமைப்பதற்குள் வேகமேறி, பிளேடுகளைத் தாங்கும் அதன் தட்டு வெடிக்கும். வெடித்த தட்டை என்ஜினைச் சுற்றியுள்ள எந்த உறையும் தாங்காது, விமானத்தையே அறுத்துவிடும். அதனால் ஷாஃப்ட் உடைந்ததும் டர்பைன் பின்னால் நகர்ந்து, அங்கே அசையாமல் நிற்கும் தகடுகளில் மோதி, தன் பிளேடுகளைத் தானே முறித்துக்கொண்டு நிற்க வேண்டும். என்ஜின் போகும். ஆட்கள் பிழைப்பார்கள்.

"ஏஞ்சாமி, உடையாத மாதிரி செய்யறத உட்டுப்போட்டு, உடைஞ்சா என்னாகும்னு ரோசன பண்றதுக்கா இத்தன படிச்சே?" என்று கேட்டார்கள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு மோதலை வருடக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தவள் நான், மாமா.

உங்கள் கிருத்திகா

பெங்களூரு
13 ஜூலை 2025

அன்பு கிருத்தி,

பாப்பாவுக்கு என் முத்தம். அந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. மேனேஜர் நவநீதகிருஷ்ணன் சார்தான் கொடுத்தார். சொன்னால் பால் கொடுக்கும்போதும் நீ அதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று மறைத்தேன். தப்புத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் வரைபடத்தில் பிளேடுகள் அடிப்பக்கம், தட்டுக்கு அருகே மோதுகின்றன. நான் அதை வெளிமுனைக்கு மாற்றியிருக்கிறேன். மையத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் சீக்கிரம் நிற்கும். ஆகஸ்டில் சோதனை.

பொறாமை உனக்கு மட்டும் என்று நினைக்காதே. நீ அனுப்பிய வீடியோவில் பாப்பா உன் அப்பாவின் மீசையைப் பிடித்துச் சிரிக்கிறாள். போன மாதம் நான் தூக்கியபோது வீறிட்டாள். "ஏனுங்க மாப்பிள்ளை, புது ஆளுன்னு பயப்படறா. ரெண்டு நாள் இருந்தீங்கன்னா சரியாப் போயிருமுங்க" என்றார் உன் அப்பா. ஆறுதலாகத்தான் சொன்னார். திரும்பி வரும் வழியில் சங்ககிரி தாண்டியும் எனக்கு மனசு ஆறவில்லை. என் மகளுக்கு நான் புது ஆள்!

உன் சபரிநாதன்

குமாரபாளையம்
20 ஜூலை 2025

மாமாவுக்கு,

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியிருக்கிறீர்கள். வெளிமுனையில் மோதினால் முறிந்த பிளேடுகள் நேரே உறையின் மேல் பாயும். உறை கிழியும் என்று பயந்துதான் நான் அடிப்பக்கம் வைத்தேன்.

சோதனைக்கு வருகிறேன் என்றால், "அஞ்சு மாசம் ஆகாம கொழந்தையத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் போகப்படாது" என்கிறார்கள் அம்மா. உங்கள் அம்மாவும் போனில் அதற்கு ஆமாம் போட்டார்கள். உங்களை யாரும் எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லவில்லை.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த உறை கிழிய வேண்டும் என்று நினைக்கிறேன். சோதனை அறைக்குள் யாரும் இருக்க மாட்டார்கள், யாருக்கும் அடிபடாது. கிழிந்தால்தான் நான் இல்லாதது அங்கே எல்லோருக்கும் உறைக்கும்.

கிருத்திகா

பெங்களூரு
10 ஆகஸ்ட் 2025

கிருத்தி,

வியாழக்கிழமை சோதனை முடிந்தது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷாஃப்டை முறித்தோம். ஒரே ஒரு சத்தம். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்ற தரை அதிர்ந்தது. புகை அடங்கிப் பார்த்தால் தட்டு முழுசாக இருந்தது. பிளேடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. உறை வீங்கியிருந்தது. கிழியவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். சார் என்னைப் பேசச் சொன்னார். உன் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. இந்த ஆபீஸில் நான் இத்தனை நாளும் 'கிருத்திகா வீட்டுக்காரர்' தானே? இன்று ஒரு நாள் என் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று விழுங்கிவிட்டேன்.

தீபிகாதான் எழுந்தாள். "கிருத்திகா மேடம் இல்லேன்னா இந்த டிசைனே இல்ல சார்" என்றாள். அதற்குப் பிறகு நான் தலையாட்டினேன்.

வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிட்டேன்.

சபரி

குமாரபாளையம்
15 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உறை தாங்கியது என்று படித்ததும் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. பிறகு பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். வெளிமுனைதான் சரி. உறையின் பலத்தை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன்.

என் பெயரை விழுங்கியதை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் உங்கள் பெயரைச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன்.

செப்டம்பர் முதல் தேதி வேலையில் சேர்கிறேன் என்று சாருக்கு எழுதிவிட்டேன். நீங்கள் நீண்ட லீவு கேளுங்கள். பாப்பாவோடு நீங்கள் இருங்கள். அவளுக்கு உங்கள் முகம் பழகட்டும். "ஆம்பள ஊட்டுல குந்திக் கொழந்தையப் பாத்துக்குவாராக்கும்!" என்று அம்மா கத்தினார்கள். "பாத்தா என்ன? நா இத்தன நாளு என்ன பண்ணீட்டிருந்தேன்?" என்று சொல்லிவிட்டு அப்பா தறிக்குப் போய்விட்டார்.

அடுத்த சோதனை பெரிய என்ஜினில். அன்று என்னைத்தான் பேசச் சொல்வார்கள். வெளிமுனை உங்களுடையது என்று சொல்வேன். சொல்லும்போது எனக்கு வயிறு எரியும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் உங்கள் பெயரைத் தீபிகா எழுந்து சொல்லும்படி விட மாட்டேன்.

உங்கள் கிருத்திகா