ஆடிக் காற்றில் கியர் சைக்கிள்

2007 ஆடி, ஞாயிறு இரவு.

கால் இரண்டும் கெஞ்சுகின்றன, தூக்கம் மட்டும் வரவில்லை. இன்று ஆடிக் காற்றை ஜெயித்துவிட்டேன்!

கியர் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்காரருக்குக் கேலிதான். "அதெல்லாம் மேடு இருக்கற ஊருக்குப் புள்ள. நம்ம நல்லூர்ல ஏது மேடு?" என்பார். காலையில் காங்கயம் ரோட்டில் அம்மா வீட்டுக்கு, நான் கியர் சைக்கிளிலும் அவர் தன் சாதா சைக்கிளிலுமாகப் போனோம். காற்று முதுகைத் தள்ளியது. முன்னால் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களில் பெரியதிலேயே பறந்தேன்.

திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைந்தது. முன்னால் பெரியதை விட மனமில்லை. பின்சக்கரத்தில் மட்டும் இன்னும் பெரிய பல்சக்கரமாக மாற்றிக்கொண்டே வந்தேன். கடைசிக்குப் போனதும் செயின் கரகரவென்று கத்தியது. குனிந்து பார்த்தால் கோணலாக ஓடுகிறது. பனியன் கம்பெனியில் நான் ஓட்டும் நிட்டிங் மிஷினில் நூல் கோணலாக வந்தால் அறுந்துவிடும் என்று எனக்கா தெரியாது? மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தி, முன்னால் சின்னதுக்கு மாற்றினேன். பின்னால் நடுப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்தேன். செயின் நேரானது, சத்தம் நின்றது. கால் லேசாகச் சுற்றியது. வண்டி மெதுவாகத்தான் போனது, ஆனால் நிற்கவில்லை.

அவர் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மணி அடித்தேன்.

"ஏனுங்க, நம்மூருக்குக் காத்துதானுங்க மேடு!"



இப்போது படுத்துக்கொண்டு, "ஏம்புள்ள, நாளைக்கு அந்த வண்டிய நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று மூன்றாம் தரம் கேட்கிறார்.

கேட்கட்டும். நான்காம் தரமும் கேட்கட்டும்.