மரங்களின் வருகைப் பதிவேடு

உனக்கு,

இன்று காலை எங்கள் அபிராமபுரம் குடியிருப்பில் வாட்ச்மேன் புங்கஞ்சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டார். மூன்றாம் மாடிவரை புகை. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே இறங்கி ஓடி, ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்தேன். "குப்பைதானேம்மா?" என்றார் பாவம். நான் அவருக்கு விட்ட டோஸெல்லாம் உண்மையில் எனக்குத்தான் என்பது உனக்கு மட்டுமே தெரியும்.

சைதாப்பேட்டையில் நம் பள்ளிக்குப் பின்னால் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த மூலையில், பிள்ளைகளை வைத்துக் காடு வளர்க்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது முதலில் சிரித்தவள் நான். பக்கத்து வகுப்பு டீச்சர், பதினைந்து வருடத் தோழி, நான் சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது? நீ கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகளோடு கல் பொறுக்கினாய், குழி வெட்டினாய், ஆளுக்கொரு கன்று கொடுத்தாய். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மரங்களுக்கு வருகை எடுப்பாய். "வேம்பு!" என்று நீ கூப்பிட்டால், அந்த மரத்துப் பிள்ளை அதைத் தொட்டுக்கொண்டு "உள்ளேன் டீச்சர்!" என்று கத்த வேண்டும். பிறகு அதில் புதிதாக என்ன கண்டது என்று சொல்ல வேண்டும். எறும்பு, பிசின், புழு தின்ற இலை, எதுவானாலும் சரி. ஐந்தாம் வகுப்பு முடிந்து போகிறவர்கள் தங்கள் மரத்தை மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அழுகை வேறு.

"உன் காடு நல்லா வந்துடுச்சே" என்று ஒருநாள் பெரிய மனது பண்ணிச் சொன்னேன். "இது இன்னும் காடு இல்லடி. நாம நட்டது தோட்டம். அதுவா ஒண்ணு மொளைச்சு வரட்டும், அப்போ சொல்லு" என்றாய்.

அந்த வருடம் புங்கை முதல்முறையாகக் காய்த்தது. காய்கள் சருகுக்குள் விழுந்தன. மழைக்காக நீ நாள் எண்ணினாய். மழை வந்த வாரம் உனக்கு உடம்பு முடியாமல் லீவு போட்டாய். அதே வாரம் அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வருகிறார் என்றார்கள். பெருக்கித் துடைப்பதில் எனக்கிருக்கும் வெறிதான் உனக்குத் தெரியுமே. பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தேன். புங்கைக்குரிய சிறுமி மட்டும் நகரவில்லை.

"அங்க பெருக்கக் கூடாதுன்னு அந்த டீச்சர் சொல்லிக்கீறாங்க டீச்சர்."

"நான் சொல்றேன், பெருக்கு" என்றேன். பெருக்கினாள்.

நீ திரும்பி வந்த அன்று தரை பளிச்சென்று இருந்தது. நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். நீயோ, பெருக்கிய சருகை நான் அள்ளிக் கட்டி வெயிலில் போட்டிருந்த சாக்கைக் கவிழ்த்தாய். வெள்ளை வேர் விட்ட புங்கங்காய்கள் உள்ளேயே வெந்து சுருண்டிருந்தன. "இன்னாடி, காட்டையே பெருக்கி வெச்சிகீறே?" என்றாய். உன் குரல் உயரவே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. "வாங்க, மண்ணுக்குப் போர்வை போத்தலாம்" என்று கூப்பிட்டு, கை கையாகச் சருகை அள்ளித் திரும்பப் போட வைத்தாய். அன்று மதியம் டிபன் பாக்ஸோடு வேறு பெஞ்சுக்குப் போனாய். மறுநாள் வந்து என் எலுமிச்சை சாதத்தில் கை வைத்தாய். அவ்வளவுதான் உன் கோபம்.

மன்னிப்புக் கேட்காதவள் நான்தான். நீ மறுபடி படுத்தபோது, கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "சருகு அப்படியே கீதா?" என்றாய். "இருக்குடி" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். அடுத்த மழைக்கு நீ இல்லை.

பதிவேடு இப்போது என்னிடம் இருக்கிறது. துடைப்பத்தை அந்தப் பக்கம் விடுவதில்லை. போன வெள்ளிக்கிழமை "புங்கை!" என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை. அதே சிறுமி, இப்போது ஐந்தாம் வகுப்பு, மரத்தடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கிட்டே போனதும் சருகை விலக்கிக் காட்டினாள். விரல் உயரத்தில் ஒரு கன்று.

"யாரும் நடல டீச்சர். அதுவா வந்துகீது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதிவேட்டின் கடைசி வரியில் 'புங்கங்கன்று' என்று எழுதி, உரக்கக் கூப்பிட்டேன். இன்னும் யாருக்கும் கொடுக்காத கன்று, யார் பதில் சொல்வார்கள்? நானே குனிந்து அதைத் தொட்டு, "உள்ளேன் டீச்சர்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தக் கன்றை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.