வெளிக்குழாயின் மூடி

இன்று காலை பின்வாசல் படியருகே சுடுதண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி யன்னலால் எட்டிப் பார்த்து, "வெளிக்குழாய் திரும்ப ஒழுகுது. அண்ணை இருந்திருந்தா ஒரு போன் அடிச்சாக் காணும், வந்திடுவார்" என்றாள். அவள் அண்ணை என்றது, குழாய் வேலைக்காரனான என் கூட்டாளி உன்னைத்தான். நீ போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. யன்னலை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. ஏனென்று உனக்கு முழுதாகத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பக்குரங்காவில் இந்த வீட்டை வாங்கிய முதல் வருடம் அது. மங்கரேயில் ஒரு வீட்டுக் குழாய் வேலையை முடித்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்திருந்தாய். வீட்டுக்குள் நடையோரத்து அலுமாரியில் இருந்த சுடுதண்ணீர் சிலிண்டர் இரண்டு கிழமையாக முனகிக்கொண்டிருந்தது. பழைய வீடு, அப்படித்தான் என்று நான் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். நீ சோற்றில் கை வைத்த நேரம் முனகல் இடியாக மாறியது. உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல. குளிக்கப் போன மகள், "டாட், சம்ஒன் இஸ் நாக்கிங்!" என்று கத்தினாள்.

நீ எழுந்துபோய்க் குசினிப் பைப்பைக் கொஞ்சம் திறந்தாய். தண்ணீருக்குப் பதில் ஆவி சீறியது. உன் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன்.

"பைப்பொண்டையும் தொடாதேங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ரோட்டுக்குப் போங்கோ. இப்பவே."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினாய். நானும் பின்னால் வந்தேன். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடினால் தண்ணீர் வெளியேற வேண்டிய குழாயின் வாயில் புதுப் பித்தளை மூடி ஒன்று மினுங்கியது. அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"எப்ப பூட்டினனி?"

"மூண்டு கிழமை."

அந்தக் குழாய் ஒழுகிப் படியெல்லாம் பாசி. மகள் வழுக்கி விழுந்து நாடியைக் கிழித்துக்கொண்டாள். அதுதான் மூடினேன். நீ காரணம் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்து ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம். துவாய் சுற்றிய மகளைக் கட்டிப்பிடித்தபடி மனைவி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. "கரண்ட் இல்லை தங்கச்சி. இனி ஆறத்தான் வேணும்" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். அடிகளுக்கு இடையே இடைவெளி கூடியது. சத்தம் நின்ற பிறகும் நீண்ட நேரம் யாரையும் அசையவிடவில்லை. கடைசியில் நீ மட்டும் உள்ளே போனாய்.

சட்டைக்கை நனைந்திருக்க வெளியே வந்தாய். "என்ன அண்ணை நடந்தது?" என்று அவள் கேட்டாள்.

"சூட்டைக் கட்டுப்படுத்திற தெர்மோஸ்டாட் பழுதாகி, தண்ணி நிக்காமல் கொதிச்சிருக்கு. வெளிக்குழாயும் ஊத்தை இறுகித் தானா அடைபட்டுப்போச்சு."

நீ கழற்றி எடுத்த மூடி உன் காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

உன் வேலை வண்டியில் நீ ஏறும்போது, "ஏன் அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன்.

"பிள்ளை நடுங்கிக்கொண்டு நிக்குது. இப்ப தங்கச்சிக்கு அதைச் சொல்லிச் சண்டை வேண்டாம். ஆறுதலா நீயே சொல்லு மச்சான். அது என்ர வேலையில்லை."

சில மாதம் கழித்து நாம் இருவரும் ஆல்பனிக்குப் போகும் வழியில் கேட்டாய்: "சொல்லிட்டியோ?"

"ஓம்" என்றேன்.

"நல்லது" என்றாய். அதன்பின் கேட்கவேயில்லை. மகளின் பிறந்தநாளன்று மனைவியிடம், "தங்கச்சி, உங்கட மனுசனைக் குழாய்மூடி விக்கிற கடைப்பக்கம் விடாதேங்கோ" என்று பகிடி விட்டாய். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். நான் கேக் வெட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பிறகு ஒருநாள் உன் இதயம் நின்றுபோனது. தேவாலயத்தில் உன் மனைவியின் கையைப் பிடித்து, "எங்கட உயிரைக் காப்பாத்தினவர்" என்று இவள் அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்று காலை, அந்தச் சொட்டுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அந்தக் குழாய் வாயைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அந்தப் பகிடி... எனக்குத் தெரியும் எண்டு நினைச்சோ அண்ணை சொன்னவர்?"

"ஓம்."

"அவரிட்டயும் பொய்யோ?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் கோபம் நாளையோ மறுநாளோ ஆறலாம். ஆறாவிட்டாலும் அவள் முன்னால் போய் நிற்க முடியும். ஆல்பனி போகும் வழியில் உன்னிடம் சொன்ன "ஓம்" மட்டும் என்னிடமே இருக்கிறது. அதை நம்பிக்கொண்டே நீ போய்விட்டாய், மச்சான்.