ஐந்தாம் வார்த்தைக்கு ஓர் ஆள்

மார்ச் 24, செவ்வாய்
நான்கு மணியிலிருந்து மழை. பெரிய வெள்ளி வாசிப்புப் பட்டியல். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு பேர். ஆறு பேர் கிடைத்தாயிற்று. ஏழாவது ஆளாகச் சீலனைப் போடச் சொல்கிறார் போதகர். என் மனைவி கிரேஸின் தம்பி. என் அப்பாவின் அடக்கத்தில் வாசிக்கச் சொல்லி வேதத்தை நீட்டினேன். தள்ளிவிட்டு வெளியே போனவன், குடித்துவிட்டு வந்து நின்றான். நான்கு வருடமாகப் பேச்சில்லை.
ஐந்தாம் வார்த்தைக்குப் போட்டேன். "தாகமாயிருக்கிறேன்." மூப்பர் ஞானமணி பார்த்துச் சிரித்தார்: "சரியான ஆளைத்தான் புடிச்சிருக்கீங்க, சார்!" நானும் சிரித்தேன். இனித்தது.

மார்ச் 26, வியாழன்
டயர் மாற்றினேன். கிரேஸ்: "உங்க பட்டியல்தானே, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க." லூபோக் சீனாவில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். பழுதுபார்த்துக்கொண்டிருந்த லாரிக்கடியிலிருந்து வந்தான். கை கழுவி, தாளை வாங்கி, வெகுநேரம் பார்த்தான்.
"அத்தான், இத ரூமியில எழுதித் தர்றீங்களா?"
மலாய்ப் பள்ளியில் படித்தவன்; ரூமி, அதாவது ஆங்கில எழுத்துதான் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவானே? எல்லாம் மனப்பாடமாம்.
"அன்னைக்கும் அதான். அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது? போய்க் குடிச்சேன். குடிச்சது தப்புதான்."
இருபத்தாறு வருடம் தமிழ் வாத்தியார் நான். ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி
வெயில். தலைவலி. கோபம் முழுதாகப் போகவில்லை. அப்பாவின் பெட்டி காத்திருந்ததே. ஆனால் மூப்பரோடு சிரித்த சிரிப்பு என்னுடையது. ஆண்டவரின் தாகத்தை எடுத்து ஒருவனைக் குத்தியிருக்கிறேன். அதை அவன் குடியோடு சேர்த்துக் கணக்குத் தீர்க்க முடியாது.
செய்ய வேண்டியவை:
1. ரூமியில் பெரிய எழுத்தாக எழுதுவது.
2. எந்த வார்த்தை வேண்டும் என்று அவனையே கேட்பது.
3. ஐந்தாவதை ஏன் கொடுத்தேன் என்று சொல்வது.
மூன்றாவதை அடித்தேன். மறுபடி எழுதினேன்.
கிரேஸுக்கு இருமல் மருந்து.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு
ஆராதனை முடிந்து, கார் பக்கத்தில் வைத்து மூன்றாவதைச் சொல்லிவிட்டேன்.
"தெரியும் அத்தான். மூப்பர் சபை பூரா சொல்லிச் சிரிச்சாச்சு."
"அப்புறம் ஏன்டா வாங்கிக்கிட்ட?"
"நாலு வருசம் கழிச்சு என் வாசலுக்கு வந்தீங்க லா. வேணாம்னா சொல்லுவேன்?"
வேறு வார்த்தை வேண்டாமாம். இதுவே இருக்கட்டுமாம். நாளை முதல் தினமும் ஆறு மணிக்கு வருவான், வாசித்துப் பழக.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
உபவாசம். புழுக்கம். சீலன் வெள்ளைச் சட்டை. இரண்டாம் வரியில் நின்றுவிட்டான். பின்வரிசையில் மூப்பர் தொண்டையைச் செருமினார். யாரோ சிரித்தார்கள்.
எழுந்து போனேன். பக்கத்தில் நின்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல, வரிக்கடியில் விரலை வைத்தேன்.