அம்பருக்குள் ஓர் அக்கா

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? "சரியாயிடுச்சும்மா" என்று போனில் சொல்லிக்கொண்டே நீ இருமியது என் காதில் விழாமல் இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் உடனே திரும்பி வந்துவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இந்த வாரம் என் மேசைக்கு ஓர் அம்பர் துண்டு வந்தது, கட்டைவிரல் நகம் அளவுதான், எந்தக் காலத்து மரத்துப் பிசினோ கல்லாய் இறுகிக் கிடக்கிறது, உள்ளே ஓர் எறும்பு. அந்த இனமே இப்போது உலகத்தில் இல்லையாம். தண்ணீர் விட்டு விட்டு மெல்லத் தேய்த்து முகம் தெரிகிற வரைக்கும் கொண்டுவந்தேன், பார்த்தால் வாயில் வெள்ளையாய் ஒரு பொட்டலம், இன்னும் கால்கூட விரியாத கூட்டுப்புழு. அம்மாவும் பிள்ளையும் பாருங்கள் என்றேன். எங்கள் ஆய்வாளர் சிரித்துவிட்டு, "அம்மா இல்லைங்க, அக்கா. ராணி முட்டை போடுறதோட சரி, தூக்கிச் சுமக்கிறதெல்லாம் அக்காங்கதான்" என்றார். அதற்கப்புறம் எனக்குக் கை ஓடவில்லை. அதன் கால்கள் ஓடுகிற வாக்கிலேயே இருக்கின்றன. பொட்டலத்தைக் கீழே போட்டிருந்தால் தப்பியிருக்குமோ என்னவோ, யார் கண்டது.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மேல்படிப்புக்குக் கிடைத்த இடத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு, இன்னொரு வேலையும் சேர்த்துப் பார்த்து, சின்னவளை அங்கே அழைத்துப் படிக்கவைக்கப் போகிறேன் என்கிறாய். அந்த எறும்பைப் படம் எடுத்து வந்து, கதையையும் சொல்லி அவளிடம் காட்டினேன். "அந்தப் பொட்டலம் நானா? எனக்குக் கால் முளைச்சு எத்தனை நாளாச்சு, அவகிட்ட சொல்லிவைம்மா" என்று குதித்தாள். குதித்த கையோடு உள்ளே போய் அழுதாள், அக்கா படிப்பு என்னால் நிற்க வேண்டுமா என்று. இங்கேயே ஒரு கல்லூரியில் சேர அவள் விண்ணப்பம் போட்டாயிற்று, இடமும் கிடைத்துவிட்டது. உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு என்னை எழுதச் சொன்னாள். அப்பாவும், "ரெண்டு பேரையும் பெத்தது நாமதானே, நடுவுல இவ யாரு?" என்று பொய்க்கோபம் காட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று திரும்பிக்கொண்டார்.

உன் மேல்படிப்பு இடத்துக்கு மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்றாயே, சேருகிறேன் என்று எழுதிப் போட்டுவிடு கண்ணு. வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடும், மனதார வாழ்த்துகிறேன். பதில் போட்டதும் முதலில் தங்கையைக் கூப்பிடு, எனக்கு அப்புறம் சொன்னால் போதும். நீ கூப்பிடுவாய் என்று சாப்பிடும்போதுகூடப் போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள்.

உன் அம்மா