ஒத்துப்போன இரண்டு கடிகாரங்கள்

ஆகஸ்ட் 18, ஜெகதளா

நிரல் இன்று முதன்முறையாக ஓடியது. இனி மற்றதெல்லாம் ஆகிவிடும்.

மண்சரிவைக் கண்காணிக்க எங்கள் ஊருக்கு மேலே சரிவில் இரண்டு பெட்டிகள், கீழே ரோட்டோரம் ஒன்று. மண்ணின் அதிர்வை எது முதலில் கேட்டது என்று தெரிந்தால்தான் சரிவு எங்கே நழுவுகிறது என்று சொல்ல முடியும். ஆனால் ஒவ்வொன்றின் கடிகாரமும் தன் போக்கில் ஓடுகிறது. நேரத்தை அவ்வப்போது திருத்தினால் போதாது. ஓடும் வேகத்தையே நெட்வொர்க் கேபிளில் வரும் துடிப்போடு பூட்ட வேண்டும். பெட்டிகளில் உள்ள திறந்த மூல இயங்குதளத்தில் அந்த வசதி இல்லை. நான் சேர்க்கிறேன்.

ஆகஸ்ட் 26

என் நிரலை அந்த இயங்குதளத்தில் ஏற்கவோ தள்ளவோ வேண்டியவர் ஹென்ரிக். எங்கோ நார்வேயில் இருக்கிறார். "கேபிள் அறுந்தால்?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்துப் பெட்டியிடம் வேகத்தை வாங்கிக்கொள்ளும் என்றேன். "அறுத்துக் காட்டுங்கள்."

காட்டுகிறேன்! ஐப்பசி மழைக்கு முன் வெளிவரும் பதிப்பில் சேராவிட்டால் இந்த வருஷம் பெட்டிகள் சும்மா கிடக்கும்.

செப்டம்பர் 4

பெட்டிகளைக் கவனிக்கும் இன்ஜினியர் வேலாமணி அக்கா மேலே போய், கீழிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினார். மேலே இருக்கும் இரண்டும் பிசகாமல் ஒன்றாக ஓடின. உடனே ஹென்ரிக்குக்கு எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 5

அக்கா போன். "இந்து, மேல ரெண்டும் ஒண்ணாத்தான் சொல்லுது. ஆனா ரோட்டுப் பொட்டியோட வெச்சுப் பாரு. ரெண்டுமே தப்பாச் சொல்லுது கண்ணு."

அது இதைப் பார்த்து ஓட, இது அதைப் பார்த்து ஓட — இரண்டும் கைகோத்துக்கொண்டு வழி தவறியிருக்கின்றன. ஒத்துப்போனால் சரி என்று எப்படி நெனச்சேன்? அதையும் பெருமையா எழுதி வேற அனுப்பியாச்சு.

செப்டம்பர் 6

ஹென்ரிக்குக்கு நானே எழுதினேன்: முந்தைய முடிவு தவறு.

என் வீட்டுக்காரர் பிரசாத்துக்குப் பிடிக்கவில்லை. "அந்தாளு கண்டுபுடிக்கறதுக்குள்ள சரி பண்ணிப்போட்டா ஆச்சு. எதுக்கு புள்ள நீயே போய்ச் சொல்ற?"

"இத எடுத்து வேற யாராச்சும் ஓட்டிப்போட்டா என்னங்க பண்றது?"

அவர் அடுப்படிக்குப் போனார். காய்ச்சிய பாலை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

செப்டம்பர் 9

திருத்தம் சின்னதுதான். வேகத்தை வாங்கும் பெட்டி, தந்த பெட்டியிடம் 'நீ என்னிடம் வாங்காதே' என்று சொல்லிவிடும். கேபிள் அறுந்தால் தந்த பெட்டி தான் கடைசியாகக் கற்ற வேகத்தையே பிடித்துக்கொள்ளும். மற்றது அதன் பின்னால் போகும். மறுபடி பிடுங்கினோம். இந்தத் தடவை ரோட்டுப் பெட்டியோடும் ஒப்பிட்டேன்.

மூன்றும் ஒன்று.

செப்டம்பர் 19

நிரல் பதிப்பில் சேர்ந்துவிட்டது! "தவறு என்று நீங்கள் எழுதிய பிறகுதான் உங்கள் நிரலை நம்பி வாசித்தேன்" என்கிறார் ஹென்ரிக்.

அக்டோபர் 21

காலையிலிருந்து விடாத மழை. மேலே மரம் விழுந்து கேபிள் அறுந்துவிட்டது; பெட்டிகள் கேட்பது மட்டும் ரேடியோ வழியாக அக்காவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் பிரசாத் பக்கத்து ஊர் வெலிங்டனில் வேலை முடிந்து, தொப்பலாக நனைந்து, நடந்தே வந்தார். "ரோடு நல்லாத்தான் இருக்குது. அடச்சுப்போட்டானுங்க! வண்டிய அங்கயே போட்டுட்டுச் சுத்திக்கிட்டு வரேன். எவன் சொன்னானோ!"

அக்காவின் செய்தி அப்போதுதான் வந்தது. பெட்டிகள் காட்டிய நழுவலைப் பார்த்து மத்தியானமே ரோட்டை அடைக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது சரிவு மொத்தமும் ரோட்டில். ரோட்டில் ஒருவரும் இல்லை.

துண்டை எடுத்துக் கொடுத்தேன். திட்டி முடிக்கட்டும், பிறகு சொல்லலாம்.