வாசலில் மாட்டிய என் படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன் இருமல் நின்றுவிட்டது என்று நீ உன் கையால் எழுதினால்தான் நம்புவேன், போனில் நீ சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்" எனக்குப் போதாது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பகல் முழுக்க நான் நம் சாப்பாட்டுக் கடையில் இருக்கிறேன், கல்லாவுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான், நான் பேசுவதெல்லாம் நம் சமையல்காரி, நீ சமையல் அத்தை என்று கூப்பிடுகிறவள், அவள் காதில் விழும். விஷயமே அவளைப் பற்றியதுதான்.

மூலையில் புது ஓட்டல் வந்து நம் மேசைகள் காலியாகக் கிடந்தபோது நீ அங்கிருந்தே நம் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாய். என் படத்தைப் போட்டு, "அம்மாவின் கைப்பக்குவம்" என்று கீழே எழுதினாய். அப்பா அதை அப்படியே ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலில் மாட்டிவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் வருகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். மத்தியானத்தில் ஆட்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள், அப்பா முழங்காலை மறந்து ஓடுகிறார். ஆனால் என் கைப்பக்குவம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் நான் வைத்த சூப்பை உன் அப்பா மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தவர். கடை திறந்த நாளிலிருந்து அடுப்பில் நிற்பவள் அத்தைதான். முதலில் அவளும் சிரித்தாள். "அண்ணி, உங்க கைப்பக்குவத்தால எனக்குக் கை வலிக்குது, கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடுங்க" என்று கேலி செய்தாள். பிறகு ஒருநாள் சாப்பிட வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன தன் அம்மா சமைத்த மாதிரியே இருக்கிறது என்று அழுதுவிட்டாள். சமைத்தது நானில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பினால் தடுப்பு ஓரத்தில் அத்தை கரண்டியோடு நிற்கிறாள். அன்றிலிருந்து கேலி இல்லை, பேச்சும் இல்லை, தட்டுகளை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அந்த மூலை ஓட்டல் மேனேஜர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை அங்கே இழுக்கப் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. அவள் போய்விட்டால் கடையில் மிஞ்சுவது என் படம்தான், அதைப் பார்த்து யாருக்கும் பசி ஆறாது.

இந்த நேரத்தில் கடை கடையாகச் சாப்பிட்டு வீடியோ போடும் பையன் ஒருவன், அடுத்த மாதம் வந்து அம்மா சமைப்பதை ஆரம்பத்திலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அப்பாவும் சரி சொல்லிவிட்டார். "நீ சும்மா கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு, மிச்சத்தை அவ பாத்துக்குவா" என்கிறார். அது என்னால் ஆகாது. நீயே நின்று சமை என்று அத்தையிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிய கை நிற்கவில்லை. "அம்மா சமைச்சதுன்னாதான் வருவாங்க அண்ணி. சம்பளத்துக்கு ஒருத்தி சமைச்சதுன்னு போர்டு வெச்சா யாரு உள்ள வருவா?" என்றாள். அவள் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. மறுபடி காலி மேசைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார உன் அப்பாவுக்குத் தெம்பில்லை.

ஆனாலும் இன்று காலை நாற்காலி போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். "வர்ற கூட்டத்தை நீயே விரட்டிடு" என்று சொன்னதோடு சரி, அப்பா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. வீடியோப் பையனைப் போனில் கூப்பிட்டு, சமைப்பது நானில்லை, சமைக்கிறவளைப் படம் எடுப்பதானால் வா என்றேன். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டான். மத்தியானம் சிலர் வாசலில் நின்று படத்தைத் தேடிவிட்டு அப்படியே போய்விட்டார்கள். அத்தை அதைப் பார்த்தாள். சாயங்காலம் கிளம்பும்போது கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எங்கோ பார்த்தபடி, "அந்தத் தம்பி வந்தா நான் என்ன கலர் போட்டுக்கிட்டா படத்துல நல்லா விழும், அண்ணி?" என்று கேட்டாள். பச்சை என்றேன். அவன் வராமலும் போகலாம் என்பதை இன்னும் சொல்லவில்லை.

இணையப் பக்கத்திலிருந்து என் படத்தையும் அந்த வரியையும் இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ எடுத்துவிடு. அதற்குப் பதில் என்ன எழுதலாம் என்று அத்தையையே கூப்பிட்டுக் கேள், என் வழியாகக் கேட்காதே. அவள் வேண்டாம் என்றால் எழுதாதே, கேட்காமல் மாட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் நீயும் ஒரு வார்த்தை பேசு, நீ சொன்னால் இறங்கி வருவார். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை மூடாமல் வெளியே போகாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கைப்பக்குவம் இல்லாத உன் அம்மா